தோட்டத்துக்கு ஒரு எப்சிபா

மகள் பிறந்த அன்று தன் தாய் சொன்ன ஒரு சொல்லைச் சுஜந்தன் பதினெட்டு வருடமாக மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று அவன் நினைத்ததும் இல்லை. சில பேர் பழைய காயத்தைத் தடவிக்கொண்டே இருப்பார்களே, அந்த மாதிரி அவனும் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வார்ட்டில், துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்து, "அம்மா, இவளுக்கு எப்சிபா எண்டு பேர் வைப்பம்" என்றான். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. கமலாசனி அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையை மருமகளின் பக்கத்தில் கிடத்திவிட்டு, "அந்தப் பேர் வேண்டாம். வேறை ஏதும் வை" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்த மனுசி. சொந்தப் பேத்திக்கு மட்டும் அந்த வாயில் ஒரு பெயர் வரவில்லை. கடைசியில் வார்ட்டில் நின்ற நர்ஸ் ஒருத்தி, "அபிஷா எண்டு வையுங்களேன், வடிவா இருக்கு" என்றாள். அவன் இருந்த கோபத்தில் அதையே பதிந்துவிட்டு வந்தான்.

எப்சிபா என்பது அவனுடைய தங்கச்சி. ஐந்து வயதில் போய்விட்டவள்.

கமலாசனி அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டித் தபால் கந்தோரில் கிளாக்காக இருந்த நவரட்ணராஜாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். தோட்டங்களுக்குப் போய் ஊழியம் செய்ய அவர்களுடைய சபைக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. போதகர் போனால் ஆம்பிளைகள் மட்டும்தான் முன்னுக்கு வந்து நிற்பார்கள், பெண்கள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். அம்மா போனால் குசினி அடுப்படி வரைக்கும் போவார். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் திங்கட்கிழமைதான் வீடு. ஒரு சாம்பல் நிறத் துணிப்பை. அதற்குள் பாட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்குக் காட்டுகிற வர்ணப் படங்கள், தைலப் போத்தல், பழைய சீலைத் துண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களோடு லயத்து வாசலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார், பேன் பார்ப்பார், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுவார். தோட்டத்து ஆட்கள் அவரை ஜெபத்தம்மா என்றார்கள். பிள்ளை பிறந்தால் பெயரை ஜெபத்தம்மா சொல்ல வேண்டும். போதகர் மாதம் ஒருக்கால் வந்து தண்ணீர் தெளித்து அந்தப் பெயரைக் கூப்பிடுவார். அதுதான் அங்கே வழக்கமாக இருந்தது.

எப்சிக்குக் காய்ச்சல் தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுஜந்தனைக் கூப்பிட்டார்.

"சுஜா, இவளின்ட நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார். சுட்டா ஈரத்துணி போடு. துணி காய விடாதை. அம்மா திங்கள் விடிய வந்திடுவன்."

அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா சொன்னபடி திங்கள் விடியத்தான் வந்தார். எப்சி ஞாயிறு பின்னேரம் பெரியாஸ்பத்திரியில் முடிந்துபோனாள். அப்பாவே தன் கந்தோரில் தன் கையால் எழுதிக் கொடுத்த தந்தி கிடைத்துத்தான் அம்மா வந்தார் என்று சுஜந்தன் நினைத்திருந்தான். வாசல் படலையடியில் அம்மா நின்ற கோலம் அவனுக்கு இன்றைக்கும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை.

அவர் கத்தி அழுததை யாரும் பார்க்கவில்லை. சவப்பெட்டியை மூடும்போது மட்டும் ஒரு தடவை, "எப்சி" என்று கூப்பிட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்தான் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு அந்தப் பெயர் வீட்டில் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பெற்ற பிள்ளையை மண்ணுக்குள் வைத்த கை காயவில்லை, அதற்குள் ஊழியமாம். சுஜந்தனுக்குப் பள்ளிக்கூடமும் வெறுத்தது, கோயிலும் வெறுத்தது. எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் சேர்ந்து கிரீசும் கறுப்புமாகத் திரிந்தான். பிறகு பஸ் ஓட்டினான். இப்போது குண்டசாலையில் சொந்தமாக ஒரு பழைய டொல்பின் வான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற தொழில். மனைவி சுந்தரி கம்பளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துத் தாய் அந்தச் சம்பந்தத்துக்கு மறுப்புச் சொல்லுவார் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராகக் கையை மடக்கிக்கொண்டு போனான். அம்மா, "நல்ல பிள்ளை. அவளின்ட தாயை எனக்குத் தெரியும்" என்று சொல்லி அவனைச் சண்டை போடக்கூட விடவில்லை. அப்பா செத்த பிறகு அம்மா அவர்களோடுதான் இருந்தார். ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு, சாப்பிட்டாச்சா, மருந்து குடிச்சாச்சா என்பதைத் தவிர தாயும் மகனும் வேறு எதுவும் பேசுவது அபூர்வம்.

போன வருடம் அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். வயதையும் உடம்பையும் பார்த்த டொக்டர், வெட்டவும் வேண்டாம் கதிர்ச் சிகிச்சைக் கரண்ட் பிடிக்கவும் வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள், விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். விரும்பியதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் விளங்கும்.

அம்மா சாப்பாடு எதுவும் கேட்கவில்லை.

"நான் முந்திப் போன தோட்டங்களுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியோ, சுஜா?"

"உங்கட ஊழியத்துக்கு நான் டிரைவரோ?" என்றான் அவன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குசினியிலிருந்து சுந்தரி வந்தாள், கையில் அகப்பையோடு.

"என்னங்க பேச்சு இது? போன பொறவு ஒப்பாரி வைக்கிறதுக்கு இப்ப வானுக்கு டீசல் அடிங்க. சனிக்கெழம ஸ்கூல் ஹயர் இல்லதானே?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் நாப்பது வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க."

சுஜந்தன் டீசல் அடித்தான். தாய்மேல் இரக்கம் வந்து அடித்தான் என்று சொன்னால் அது பொய். ஒரு கேள்வி அவன் நெஞ்சுக்குள் கிடந்தது. காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை விட்டுப் போனீங்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன செய்துகொண்டிருந்தீங்கள்? அதற்குப் பதில் அவர் வாயால் வர வேண்டும். கட்டி அவரைக் கொண்டுபோவதற்கு முதல் வர வேண்டும். அதற்காகத்தான் அவன் சாவியைத் திருகினான்.

சனிக்கிழமை காலை, வானின் நடுச் சீட்டில் இரண்டு தலையணை வைத்து அம்மாவை ஏற்றினார்கள். பக்கத்தில் சுந்தரி. முன்னுக்கு அபிஷா, காதில் வயரோடு. அம்மாவின் மடியில் அந்தச் சாம்பல் பை. உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று அபிஷா எட்டிப் பார்த்தாள்.

"அப்பம்மா, வெறும் பையையா கொண்டு வாறீங்க?"

"கை வெறுமையா இருந்தா என்னை ஆருக்கும் அடையாளம் தெரியாது, பிள்ளை."

முதலில் ஹந்தானை. டவுனைக் கடந்து, மேலே ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் ஒட்டியது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. தேயிலைக்கு நடுவில் ஒரு லயத்தின் முன்னால் வானை நிறுத்தினான். கதவைத் திறந்து அம்மாவை இறக்குவதற்குள் வாசலில் ஒரு கிழவி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஆத்தாடி! நம்ம ஜெபத்தம்மாவா? வாங்கம்மா, உள்ள வாங்க! அடியே எப்சிபா! எங்கிட்டுடி இருக்க? யாரு வந்திருக்கான்னு ஓடியாந்து பாரு!"

சுஜந்தனின் கை வான் கதவில் அப்படியே நின்றுவிட்டது.

லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஈரக் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது. மூக்கில் சிவப்புக் கல்லு மூக்குத்தி, தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தழும்பு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டு எளைச்சுப் போயிட்டீங்கம்மா" என்று அழத் தொடங்கினாள்.

"எப்சிபா" என்றார் அம்மா.

"என்னாங்கம்மா?"

"ஒண்டுமில்லை. கூப்பிட்டுப் பாத்தன்."

அந்த வீட்டில் தேத்தண்ணியும் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்கள். சுஜந்தன் கோப்பையை அப்படியே படியில் வைத்துவிட்டு வானுக்குள் போய் உட்கார்ந்தான். பெயர் ஒன்று இரண்டு பேருக்கு இருப்பதில் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அவன் வாழ்நாளில் தன் தங்கச்சியைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருந்து கேட்டதில்லை.

பேராதனையைத் தாண்டும்போது அபிஷா காதிலிருந்த வயரைக் கழற்றினாள்.

"அப்பா, எப்சிபா எண்டது உங்கட தங்கச்சிக்கு..."

பின்னாலிருந்து சுந்தரியின் கை வந்து அவள் தோளில் கிள்ளியது. அபிஷா வயரைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். அம்மா கண்ணாடி வழியாக மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பளையில் ரொட்டி சாப்பிட இறங்கினார்கள். அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மார்க்கட்டுக்குள் போக வேண்டும் என்றார். மரக்கறிக் கடைகளைத் தாண்டி, கருவாட்டு வாடை மூக்கைத் துளைக்கிற சந்து அது. அங்கே ஒரு கடைக்கு முன்னால் நின்றார். சுஜந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில், மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும், "எப்சிபா கருவாட்டுக் கடை" என்று எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் வாளை மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

கடைக்காரி தராசைப் போட்டுவிட்டு எழும்பினாள். கொழுத்த பெண், இடுப்பில் பணப்பை.

"ஜெபத்தம்மா! கர்த்தாவே! நீங்க இன்னும் உசுரோடயா இருக்கீங்க? போயிட்டீங்கன்னுல்ல யாரோ சொன்னாங்க! நான் ஒரு பாட்டம் அழுதும் முடிச்சிட்டேன்!"

பக்கத்துக் கடை பாயிஸ் நெத்தலி மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அழுதது உண்மதான் உம்மா. அண்டைக்கு ஏவாரத்தப் பாக்காம அழுதா. ஆனா இந்தப் பேர வச்சது நீங்கதானாம், அதுக்கு உங்களோட எனக்கு ஒரு கோவம் இருக்கு. இவட பேரச் சொல்லிக் கூப்பிட்டு முடியிறதுக்குள்ள வந்த கஸ்டமர் போயிருவாங்க."

"நீங்க உங்க நெத்தலியப் பாருங்க நானா!" என்றாள் அவள். "பேரு மட்டும்தாம்மா பவுசு. கோயில்ல எம்பக்கத்துல ஒருத்தியும் உக்கார மாட்டா. கருவாடு நாறுதாம்."

அம்மா சிரித்தார். அன்றைக்குத்தான் சுஜந்தன் தாய் சிரித்ததைப் பார்த்தான். பிறகு ஹந்தானையில் செய்ததையே இங்கேயும் செய்தார். எதிரே நிற்பவளைப் பார்த்து, மெதுவாக, "எப்சிபா" என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்கம்மா."

"ஒண்டுமில்லை."

சுஜந்தன் எப்படி வானுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கடைக்காரி கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொதியோடு மற்றவர்கள் வந்து ஏறினார்கள். ஆற்றோரமாகக் கொஞ்சத் தூரம் ஓட்டினவன் சடாரென்று பிரேக்கை மிதித்தான்.

"இன்னும் எத்தினை பேர் இருக்கினம்?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்.

"ஆர்?"

"நடிக்காதேங்கோ அம்மா. இன்னும் எத்தினை எப்சிபா?"

அம்மா, "தோட்டத்துக்கு ஒருத்தி" என்றார்.

"தோட்டத்துக்கு ஒருத்தி! கருவாட்டுக் கடைப் பலகையில அவளின்ட பேர் தொங்குது. வாளை மீனுக்குப் பக்கத்தில! ஊரில இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பேர் வைக்கலாம், என்ட பிள்ளைக்கு வைக்கக் கூடாது. ஏன்? நான் வேண்டாதவனோ? இவள் வேண்டாதவளோ?"

அபிஷா முன் சீட்டில் ஒடுங்கிப்போய் இருந்தாள். சுந்தரி, "விடுங்க, ஒடம்புக்கு முடியாத மனுசி" என்றாள்.

"நான் விட மாட்டன். நாப்பது வருசம் விட்டுட்டன். பிள்ளை சாகக் கிடக்கேக்கை இவ அங்க தம்புரு அடிச்சுப் பாட்டுப் படிச்சுக்கொண்டு இருந்தவ. அதை நான் கேக்கக் கூடாதோ?"

"கேள்" என்றார் அம்மா. "மேட்டுத் தோட்டத்துக்கு விடு. அங்கை வச்சுச் சொல்லுறன்."

மேட்டுத் தோட்டம் என்று அவர் சொன்னது கம்பளைக்கு மேலே, பாதை முடிகிற இடத்துக்கும் மேலே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இருந்த இடம் அது. தார் முடிந்து கல்லு, கல்லு முடிந்து சேறு. ஒரு வளைவில் டொல்பின் இனி ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. சுஜந்தன் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பிறகு தாயின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். அம்மாவைச் சுமந்துகொண்டு ஏறினான். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைத் தூக்கின மாதிரித்தான் இருந்தது. மூச்சுவிடும்போது அவர் நெஞ்சுக்கூடு அவன் முதுகில் முட்டியது.

ஓரிடத்தில், "இதிலைதான் விழுந்தனான்" என்றார் அம்மா. அவன் கேட்டும் கேட்காதவன் போல நடந்தான்.

மேலே இருந்த லயத்தில் இப்போது ஆட்கள் இல்லை. மண்சரிவுக்குப் பயந்து வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மலையூற்றுப் பீலியில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கல்லில் அம்மாவை இறக்கினான். சுந்தரியும் அபிஷாவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"இந்தக் கடைசிக் காம்பரா அறையில ஒரு பிள்ளை இருந்தது" என்றார் அம்மா. "எப்சின்ட வயசுதான். எப்சிக்குக் காய்ச்சல் வர முந்தின கிழமை நான் வந்தநேரம் காய்ச்சலாக் கிடந்தது. தாய் கொழுந்து பறிக்கப் போயிட்டுது. நான் மடியில வச்சிருந்தன். கோழையும் எச்சிலுமா வந்தது. என்ட சீலைத் தலைப்பாலதான் துடைச்சன். அதே சீலையோடதான் திங்கக்கிழமை வீட்டை வந்தன். எப்சி படலையடிக்கு ஓடி வந்தாள். தூக்கினன். அவளின்ட வாயையும் அந்தத் தலைப்பாலதான் துடைச்சன்."

பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"எப்சிக்குக் காய்ச்சல் காயேக்கை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தடிமன் காய்ச்சல் எண்டுதான் நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் பிள்ளை செத்துப் போச்சு. தோட்டத்து மருந்துக்காரர் வந்து வாயைத் திறந்து பாத்திட்டு, தொண்டை அடைப்பான், ஒட்டிக்கொள்ளுற வருத்தம் எண்டார். பாட்டுப் படிச்சதெண்டு சொன்னாயே. ஓம், படிச்சன். குழி மூடேக்கை ஒரு பாட்டு. பாதியில விட்டிட்டு ஓடினன். லொறி இல்லை, மழை. அந்த வளைவில விழுந்து ஒரு செருப்புப் போயிட்டுது. கம்பளைக்கு இறங்க இருண்டு போச்சு, கண்டிக்குப் பஸ் இல்லை. ஸ்டேஷன் மர வாங்கில விடியும் வரைக்கும் குந்திக்கொண்டு இருந்தன். அப்பா அடிச்ச தந்தியை நான் காணவே இல்லை."

சுஜந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒற்றைச் செருப்போடு படலையடியில் நின்ற கால் அவன் கண்ணுக்குள் வந்து போனது.

"அடுத்த வெள்ளி ஏன் திரும்ப வந்தீங்கள்?"

"இந்த லயத்தில இன்னும் பிள்ளையள் இருந்துதுகள். ஊசி போடுற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தன். வந்தா, எப்சி முடிஞ்ச அண்டு ராவு இஞ்சை ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பேர் சொல்லுங்கம்மா எண்டு கொண்டு வந்து மடியில வச்சிட்டினம். எனக்கு வேறை பேர் ஒண்டும் வாயில வரேல்லை."

"அப்ப அபிஷாவுக்கு?"

அம்மா பேத்தியைப் பார்த்தார். அபிஷாவின் கண் கலங்கியிருந்தது.

"சவப்பெட்டியடியில நான் கூப்பிட்டன், நீயும் பாத்துக்கொண்டு நிண்டனி. வீட்டில அந்தப் பேரைக் கூப்பிட்டு ஒருத்தரும் வரேல்லை. லயத்தில கூப்பிட்டா ஒரு பிள்ளை ஓடி வரும். என்னாங்கம்மா எண்டு கேக்கும். வாசலோட விட்டிட்டு நான் பஸ் ஏறிப் போகலாம். வீட்டுக்குள்ள ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, ஒவ்வொரு நாளும் வேறை ஒருத்தி திரும்பிப் பாத்தா... என்னால ஏலாது சுஜா. உன்ட பிள்ளை வேண்டாதவள் எண்டு இல்லை."

வேறு ஒருவனாக இருந்தால் இந்த இடத்தில் தாயின் காலைப் பிடித்திருப்பான். சுஜந்தனுக்கு வந்தது கோபம்தான். அதுவும் இவ்வளவு காலமும் சுமந்த கோபம் இல்லை. அதற்கும் அடியில் கிடந்த ஒன்று மேலே வந்தது. சுந்தரியிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை.

"இதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" குரல் உடைந்துபோய் வந்தது. "அப்பாட்டைச் சொல்லியிருக்க வேண்டாம். என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நீ சின்னப் பிள்ளை."

"துணியைக் காய விடாதை எண்டு சொல்லேக்கை நான் சின்னப் பிள்ளை இல்லையோ? சனிக்கிழமை ராத்திரி நான் நித்திரையாப் போயிட்டன் அம்மா. முழிச்சுப் பாக்கத் துணி காஞ்சு ஓடு மாதிரிக் கிடந்தது. அடுத்த நாள் செத்துப் போனாள். துணி காஞ்சதாலதான் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன். என்னை நம்பி விட்டிட்டுப் போனதே பிழை எண்டு உங்கள்ள கோவிச்சுக்கொண்டு திரிஞ்சன். வேறை என்ன செய்ய?"

நாற்பது வருடம் தன் சீலைத் தலைப்பை நினைத்துக்கொண்டிருந்த மனுசிக்கு, அதே வீட்டில், அடுத்த பாயில் ஒரு பொடியன் ஒரு காய்ந்த துணியை நினைத்துக்கொண்டு படுத்திருந்தது தெரியாமல் போயிருந்தது. அது இப்போது அவர் முகத்தில் ஏறுவதைச் சுந்தரி பார்த்தாள். அந்த மாதிரி ஒரு முகத்தை இனி யாருக்கும் பார்க்கக் கிடைக்கக் கூடாது என்று பிறகு ஒரு நாள் புருசனிடம் சொன்னாள்.

அம்மா கையை நீட்டினார். எட்டவில்லை. சுஜந்தன் குனிந்தான். அவர் உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்தார், வழுக்கை தொடங்குகிற இடம் வரைக்கும். காய்ச்சல் பார்க்கிற மாதிரியே வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்னால இல்லை மோனை" என்றார். "என்னால."

சுஜந்தன் திரும்பி முதுகைக் காட்டிக் குந்தினான். இறங்கும்போது அந்த வளைவில் மட்டும் காலை ஊன்றி ஊன்றி வைத்தான்.

அதற்குப் பிறகு அம்மா எங்கேயும் போகவில்லை. மஞ்சள் கண்ணில் ஏறியது, பிறகு தோலில். பாயிஸின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு கருவாட்டுக் கடைக்காரி ஒரு நாள் வந்தாள். ஹந்தானைக்காரி கொழுந்து முடித்து, பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தாள். இரண்டு எப்சிபாவும் ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, யார் பெயர் முதலில் வைத்தது என்று சண்டை பிடித்தார்கள். மேட்டுத் தோட்டத்தில் பிறந்த எப்சிபா இப்போது வெளிநாட்டில் வீட்டு வேலை, போனில் அழுதாள். சுஜந்தன் அவர்களுக்குத் தானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை. "இந்தாங்க தங்கச்சி" என்று கோப்பையை நீட்டினான்.

தாயும் மகனும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. பேசுவதற்கு நாட்கள் இருந்தன, பேசவில்லை. அவன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். சில வேளை கையால் தடவி அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார். அவனும் இழுத்துக்கொள்ள மாட்டான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அம்மா கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. தான் கேட்க வேண்டுமா என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுந்தரி குசினியில் கஞ்சி காய்ச்சினாள். பக்கத்து அறையில் அபிஷா சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்தில் முகத்தை வைத்து நித்திரையாகிப் போனாள். இரண்டு நாளாக அம்மா வாய் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்து, கதவுப் பக்கம் பார்த்து, தெளிவாகக் கூப்பிட்டார். அவர் யாரிடமும் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"சுஜா."

"என்னம்மா?"

"எப்சி அந்த அறையில படுத்திருக்கிறாள். போய் நெத்தியைத் தொட்டுப் பாத்திட்டு வா, மோனை. காய்ச்சல் விட்டிட்டுதோ எண்டு."